காப்பு கட்டாத கைகள்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், சேரப்பணஞ்சேரியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் ஊர். என் கணவருக்குத் தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது. நான் அப்போது மறுபடியும் உண்டாகி ஐந்து மாதம்.

இந்த மாதிரி அனுபவங்களை எழுதுகிறவர்கள் கடைசியில் கண் கலங்கியது என்று முடிப்பார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குவதில்லை, பல்தான் கடிபடுகிறது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே உதடும் நகமும் நீலமாக இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னாடி, நாவப்பழம் தின்னியா?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டிக் காட்டுவாள். மற்ற பிள்ளைகளோடு ஓடினால் பாதி தூரத்திலேயே நின்று, அப்படியே குந்திக்கொள்வாள். குந்தினால் அவளுக்கு மூச்சு வரும். எங்கள் தெருவில் அதை வைத்தே அவளுக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். குழந்தையின் உயிர் போகிற விஷயம் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

மணிமங்கலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுத்தான், இது இதயத்தில் ஓட்டை, மெட்ராசுக்குப் போங்கள் என்றார். மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஓட்டை மட்டும் இல்லை, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகலாக இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கிடைப்பது அந்தக் காலத்தில் குதிரைக்கொம்பு. இரண்டு வருடம் அலைந்தோம்.

தேதி கொடுத்த அன்று டாக்டர் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இப்படி நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ரத்தம் லேசில் உறையாது. ஆபரேஷனின்போது மெஷினுக்குள் போய் வந்த ரத்தம் இன்னும் உறையாது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தாலும், அதற்குப் பிறகு உள்ளே கசிந்துகொண்டே இருக்கும் அபாயம் உண்டு. குளிர்பெட்டியில் பல நாள் வைத்திருந்த ரத்தத்தை ஏற்றினால் அளவு கூடுமே தவிர, உறைய வைக்கிற சக்தி அதில் இருக்காது. "ஒடம்பிலேர்ந்து அப்பவே எடுத்த ரத்தம் வேணும். அன்னிக்குக் காலைல ஆளுங்க இங்க ரெடியா நிக்கணும்" என்றார்.

என்னிடம் எடுக்கவே முடியாது, வயிற்றில் குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்புறம் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "வீட்டு ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வந்தோம். என் கணவரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார், பங்காளிகள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எல்லாருக்கும் விரலில் குத்திப் பார்த்ததில் ஆறேழு பேருக்கு என் மகளின் குரூப் இருந்தது. மச்சாண்டாருக்கும் அதே குரூப்தான். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என் ரத்தம்மா அவ. மாறுமா?" என்று என் மகளின் தலையைத் தடவினார். "நீ ஒண்ணியும் கவலப்படாத. அன்னிக்கு மொத பஸ்ஸுக்கே வந்து நிப்போம்." அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே நம்பும். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே எங்களைத் தங்க வைத்துவிட்டார்கள். என் கணவர் ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். ஊருக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. ஊரில் போன் கிடையாது. ஊரில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் அன்று காலை விடிந்தது. முதல் பஸ்ஸுக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. அடுத்த பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்தோம். அதற்கடுத்த பஸ்ஸுக்கும் யாரும் வரவில்லை. என் கணவர் வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனார். அவரும் அவருடைய கம்பெனி நண்பர்கள் இரண்டு பேரும் கொடுத்த ரத்தத்தை வைத்துக்கொண்டு, மிச்ச ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற எங்கள் பேச்சை நம்பி, டாக்டர்கள் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். தலையில் பூ வைக்கக்கூட விடவில்லை. கன்னத்தில் ஒரு திருஷ்டிப்பொட்டு வைத்திருந்தேன், அதையும் பஞ்சால் துடைத்துவிட்டார்கள்.

மதியம் ஆபரேஷன் முடிந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே டாக்டர் வெளியே வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. நெஞ்சில் வைத்திருக்கிற குழாய் வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, நிற்க மாட்டேன் என்கிறது, மறுபடியும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், புது ரத்தம் இல்லாமல் திறந்தால் குழந்தை தாங்காது என்றார். கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில். அதில் என் மகளின் ரத்தம் சொட்டுச் சொட்டாகக்கூட இல்லை, சின்ன ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வர்றேன்னு சொன்னவங்க எங்கம்மா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தியது நியாயம்தான். அதே குரூப் இருந்த ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பையன், தானே போய்ப் படுத்து ஒரு பாட்டில் கொடுத்தார். "இதையும் கைல இருக்கறதையும் வச்சுச் சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறோம். அதுக்குள்ள ஆளுங்களைக் கொண்டு வாங்க" என்றார் பெரிய டாக்டர்.

ரத்தம் கொடுத்த என் கணவருக்கு எழுந்தாலே தலை சுற்றியது. கையெழுத்துப் போடவும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நான் கிளம்பினேன். மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் நான் பயந்தது வேறு மாதிரி. பஸ் கவிழ்ந்திருக்குமோ, ஊரில் யாராவது தவறிவிட்டார்களோ, அதனால்தான் வரவில்லையோ என்று நினைத்தேன். பாவம், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர்களுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு போனேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி உண்டா?

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. அன்றைக்கு எங்கள் ஊர் அம்மனுக்குத் தீமிதி, ஆஸ்பத்திரி அலைச்சலில் எனக்கு நாளே மறந்துபோயிருந்தது. கோயில் முன்னால் குண்டத்தில் புளிய மரக்கட்டை எரிந்து தணலாகிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் வேட்டி கட்டி, உடம்பெல்லாம் சந்தனம் பூசி நின்றவர்களைப் பார்த்தேன். நான் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக் காத்திருந்த அத்தனை முகங்களும் அங்கே இருந்தன. ஒருவர் பாக்கியில்லை.

மச்சாண்டார் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "இன்னாம்மா நீ இங்க? கொழந்த எப்டி கீது?"

"ரத்தம் நிக்கல மாமா. நெஞ்சுலேர்ந்து ஊத்திகினே கீது. வரேன்னு சொன்னீங்களே, ஏன் வரல?"

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு விரலி மஞ்சள். காப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர் திருவிழாவுக்கு முன்னால் காப்பு கட்டிக்கொள்வார். அன்றே எல்லைக்கல்லில் கோழி அறுத்து எல்லை கட்டுவார்கள், அதன் பிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டுக் குழந்தைக்காக வேண்டுதல் வைத்தால், அந்த வகையறாப் பங்காளிகள் மொத்தமும் சேர்ந்து இறங்குவது எங்கள் ஊர் வழக்கம். யாருக்காக வேண்டினார்களோ அவர்கள் வீட்டில் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது, சொன்னால் பலிக்காது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்தில் அவர்கள் கூடிப் பேசி இப்படி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

"உன் கொழந்தைக்காகத்தாம்மா கட்டிகினோம்" என்றார் மச்சாண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ரத்தம் எங்கனா கெடைக்கும். ஆனா ஆத்தா மனசு வெக்கணுமே. அவ உசிருக்கு நாங்க நெருப்புல எறங்கறோம்மா."

எனக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் அவர் கையிலிருந்த கயிற்றைக் காட்டினேன்.

"அவுத்துட்டு வாங்க மாமா. வந்து ரத்தம் குடுத்துட்டு அடுத்த வருஷம் எறங்குங்க."

பக்கத்தில் நின்ற பூசாரி குறுக்கே வந்தார். "நடுவுல அவுக்கக் கூடாதும்மா. அவுத்தா, யார் பேர சொல்லி கட்டினமோ அவங்களுக்குத்தான் ஆவாது."

மச்சாண்டார் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பிடுங்கிவிடுவேன் என்று பயந்தார் போலிருக்கிறது. "கேட்டியா? நான் எல்லைய தாண்டினா அவளுக்கு ஆவாதும்மா. என் கையாலயே அவள கொல்லச் சொல்றியா?"

அவர் நடிக்கவில்லை. சத்தியமாக நம்பினார். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். இந்த மனிதர் என் மகளுக்காகத் தணலில் நடக்கத் தயார், ஆனால் அவளுக்காக ஒரு ஊசிக் குத்து வாங்க வர மாட்டார். கூட்டத்தில் ஒருவர், "புள்ளத்தாச்சி குண்டத்தாண்ட வரக் கூடாது, தீட்டாயிடும். வூட்டுக்குப் போம்மா" என்றார் பாருங்கள், அப்போது எனக்கு வாய் திறந்துகொண்டது.

அன்றைக்கு முன்பும் பின்பும் நான் அப்படிக் கத்தியதில்லை. "எல்லை கட்டறதுக்குக் கோழி அறுத்து ரத்தம் விட்டீங்களே, கல்லுக்கு விடத் தெரியுது, கொழந்தைக்கு விடத் தெரியலியா? உங்க நெருப்பு யாருக்கு வேணும்? எம்பொண்ணு நெருப்பா கேட்டா? ரத்தம் கேட்டா!" பம்பை அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர்கூட நகரவும் இல்லை.

கோயிலுக்குப் பின்பக்கம் வரிசையாகக் கல் கூட்டிப் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் சத்தம் கேட்டு அங்கிருந்து என் ஓரகத்தி வந்தார். மச்சாண்டாரின் மனைவி. எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைத்த குழம்பை ஒரு நாளும் அவர் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை, நானும் அவர் பேச்சை ஒரு நாளும் தாங்கிக்கொண்டதில்லை. கரிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கேட்டார்.

"பொம்பள ரத்தம் எடுப்பாங்களாடி?"

"தெரியலக்கா" என்றேன்.

"கேட்டாத்தான தெரியும். வா."

எங்கள் ஊரில் பெண்களுக்குக் காப்பு கட்டுவதில்லை. பெண்களுக்குச் சுத்தம் போதாதாம். தீ மிதிக்கிறவர்களுக்குச் சமைக்கலாம், குண்டத்துக்கு விறகு சுமக்கலாம், வாசல் தெளிக்கலாம், கையில் கயிறு மட்டும் ஏறக் கூடாது. தலைமுறை தலைமுறையாக நடந்த அந்த அவமானம் அன்றைக்கு என் மகளுக்கு உதவியது. அவர்கள் கையில் எந்தக் கயிறும் இல்லை.

ஓரகத்தி திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "ஏய், கொழந்தைக்கு ரத்தம் வேணுமாம். வர்றவளுங்க வாங்கடி." நான் யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். முதலில் ஒருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. மச்சாண்டார் பதறிப்போய், "எங்க போற நீ? பொங்கல யாரு எறக்கறது?" என்றார்.

"நெருப்புலயே எறங்கற, ஒரு பானைய எறக்க உன்னால ஆவாதா?" என்றார் ஓரகத்தி. அத்தனை பேர் முன்னால் அவர் புருஷனை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. குண்டத்துக்குக் கட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று அரசமரத்தடியில் நின்றது. அதன் டிரைவர் வாலாஜாபாத் பக்கத்து ஆள், தீமிதி பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் வாயில் இருந்த பீடியைத் துப்பிவிட்டு, "ஏறுங்க" என்றார். அவ்வளவுதான், ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் மரப்பட்டைக்கும் தூசிக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், திருவிழாப் புடவையோடு, கையில் மஞ்சளும் கரியுமாக ஏறிக்கொண்டார்கள். எல்லைக்கல்லில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓரகத்தி அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுக்கிற இடத்தில் இருந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாம்மா, ஒரே லேடீஸா கீறீங்க? ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

"ஆம்பளைங்க நெருப்புல கீறாங்க. நீ எங்கள குத்து" என்றார் ஓரகத்தி.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. ஒரு குப்பியில் நீல நிறத் தண்ணீர் வைத்திருப்பார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு அதில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் உடம்பில் ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். மிதந்தால் இவளிடம் எடுக்க முடியாது, அனுப்பு. அன்றைக்கு நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது, மிதந்தது. அடுத்தது, மிதந்தது. அதற்கடுத்ததும் மிதந்தது. நாற்று நடுகிற, களை பறிக்கிற, கல் சுமக்கிற, வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானை அடியில் இருப்பதை வழித்துத் தின்கிற பெண்கள். அவர்கள் உடம்பில் கொடுப்பதற்கு ரத்தமே இல்லை. நர்ஸம்மா, "உங்களுக்கே யாராவது ஏத்தணும்மா" என்று சொல்லிச் சொல்லி ஓரமாக உட்கார வைத்தார். ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், "இன்னொரு வாட்டி பாருங்க சிஸ்டர், இந்தக் கைல குத்துங்க" என்று மற்ற கையை நீட்டினாள். அந்தக் கையிலிருந்து விழுந்த சொட்டும் மிதந்தது. அவள் தப்பு செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம், கோயில் முன்னால் வந்த கோபத்தைவிடப் பெரியது. ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரின் சொட்டும் கல் மாதிரி மூழ்கியதை குரூப் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இதே நீலத் தண்ணீரில் நான் பார்த்திருந்தேன். நல்ல சோறும் கறியும் தின்ற ரத்தம் எல்லைக்குள் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறது. தின்னாத ரத்தம் லாரியில் வந்து கையை நீட்டுகிறது.

சொட்டு மூழ்கி, குரூப்பும் சேர்ந்தவர்கள் கடைசியில் நாலு பேர். ஓரகத்தி அதில் ஒருவர். கட்டிலில் படுத்து, குழாயில் போகிற தன் ரத்தத்தையே வேடிக்கை பார்த்தார். "இவ்ளோ கீதா என்கிட்ட?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்: "இத்தினி நாளா எங்கள யாருமே கேக்கலியேடி?"

டாக்டரிலிருந்து மச்சாண்டார் வரைக்கும் எல்லாருக்கும் ரத்தம் என்றால் ஆம்பளை. பெண்கள் ரத்தத்தைக் கணக்கிலேயே யாரும் எடுக்கவில்லை.

பாட்டில்கள் சூடு ஆறுவதற்குள் மாடிக்கு ஓடின. மறுபடியும் என் மகளின் நெஞ்சைத் திறந்தார்கள். நாங்கள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். திருப்பி அனுப்பப்பட்ட பெண்களும் போகவில்லை. ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள், ரத்தம் கொடுத்த நாலு பேரும் அதை உரித்து எல்லாருக்கும் சுளை சுளையாகப் பங்கு வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "நின்னுடுச்சும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். என் கணவர் சுவரில் தலையை முட்டி அழுதார். ஓரகத்தி, "எப்பா, பொங்கல் அடி புடிச்சிருக்கும்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் கண் கலங்கியது என்று எழுதி முடித்திருப்பேன்.

குழந்தையோடு ஊருக்குத் திரும்பியபோது, ஊரில் வேறு ஒரு கதை பரவியிருந்தது. அவர்கள் தீக்குண்டத்தில் இறங்கிய நேரத்தையும், ரத்தம் நின்ற நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே நேரமாம். "நாங்க எறங்கனோம், அங்க நின்னுது" என்று பெட்டிக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சு. கோயிலில் மச்சாண்டாருக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள். லாரியில் போன பெண்களுக்கும் ஒரு மரியாதை நடந்தது. திருவிழா அன்று பொங்கலைப் பாதியில் விட்டு எல்லை தாண்டிய குற்றத்துக்காக, அவர்களைக் கோயில் வாசலில் வரிசையாக நிற்க வைத்து, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சாமியிடம் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார்கள். சொட்டு மிதந்த அந்தச் சின்னப் பெண்ணை அவள் புருஷன் அடித்தும் இருக்கிறான்.

கேட்டதும் நான் கோயிலுக்குக் கிளம்பினேன், சண்டை போட. ஓரகத்திதான் கையைப் பிடித்து நிறுத்தினார். "வுடுடி. ஊத்தட்டும் போ. வெயிலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சாண்டாரைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அது அநியாயம். காப்பு அவிழ்த்த அன்றே, கொப்புளம் வெடித்த காலில் வாழையிலையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தம் எடுக்கிற இடத்தில் போய்க் கையை நீட்டியிருக்கிறார். இப்போது வேண்டாம், குழந்தை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. கடைசி வரைக்கும் என் மகளை உயிராக வைத்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

இப்போது எங்கள் ஊர் எல்லைக்கல் ஒரு கம்பெனி காம்பவுண்டுச் சுவரோரம், தண்ணீர் டேங்குக்கும் செக்யூரிட்டி ரூமுக்கும் நடுவில் இருக்கிறது. நிலத்தை விற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் வேலைக்குப் போகிறார்கள். தீமிதி இன்னும் நடக்கிறது, காப்பும் கட்டுகிறார்கள். போன ஆடியில் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கையில் காப்போடு, கழுத்தில் ஐடி கார்டோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றான். "எல்லை தாண்டலாமாடா?" என்று கேட்டேன். "நான் போவலன்னா கம்பெனில லைன் நிக்கும் பெரிம்மா, சூப்பர்வைசர் லீவு தர மாட்டான். ஓ.டி. வேற கீது. சாமிக்குத் தெரியாதா, புரிஞ்சிக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

புரிந்துகொள்ளுமாம். அன்றைக்கு இருந்ததும் இதே சாமிதானே? ஓவர்டைமைப் புரிந்துகொள்கிற சாமிக்கு ஒரு குழந்தையின் நெஞ்சிலிருந்து ஊற்றிய ரத்தம் புரியாமலா போயிருக்கும்? யாரும் அதனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்களூர்ப் பெண்களைக் கேட்காதது போலவே.

என் மகளுக்கு இப்போது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே அந்த நீளத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் அவள் குந்துவதில்லை, எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. ஓரகத்தி போய் வருடங்களாகிவிட்டன. தீமிதி அன்று ஊரே குண்டத்தைப் பார்த்துக் கும்பிடும்போது, நான் பின்பக்கம் கல்லடுப்பில் புகை குடித்துக்கொண்டிருக்கிற பெண்களிடம் போய், சாப்பிட்டாச்சா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். இத்தனை வருடத்தில் என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எந்தச் சாமியிடமும் நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.